சொதியில் ஒரு கல் உப்பு

அவர் பெயரைச் சொன்னால் திருநெல்வேலியில் இன்னும் நாலு பேர் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். எனக்கு எதற்கு வம்பு. அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம். போடியில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். சொந்த ஊர் திருநெல்வேலி, தந்தி ஆபீசில் வேலை. முப்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் மூன்று பட்டைத் திருநீறு. ஊர்க்காரர்கள் அவரிடம் வாயைக் கொடுக்கப் பயப்படுவார்கள். கோபக்காரர் என்பதால் அல்ல. எதைச் சொன்னாலும் 'எங்க ஊர்ல' என்று ஆரம்பித்துவிடுவார். ஆரம்பித்தால் அரை மணி நேரம் போய்விடும்.

நான் அப்போது ஒரு ஏலக்காய்க் கமிஷன் கடையில் எழுத்து வேலை பார்த்தேன். எழுபதுகளின் கடைசி. சொந்த ஊரான பொட்டிபுரம் பக்கத்தில்தான் என்றாலும் சீசனில் கடை அடைக்க நேரமாகும் என்பதால் போடியிலேயே ஒரு காம்பவுண்டில் அறை எடுத்திருந்தேன். அடுத்த அறை அண்ணாச்சிக்கு. ஏலம் முடிந்ததும் அன்றைய விலையை வடக்கே இருக்கிற வியாபாரிகளுக்கு நான்தான் தந்தி கொடுக்கப் போவேன். ஆக, காலையில் எழுந்தால் வாசலில் அவர், மத்தியானம் தந்தி ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் அவர். எனக்குப் போக்கிடமே இல்லை.

மழை பெய்தால், "இது மழையா வே? எங்க ஊர்ல இதுக்குப் பேரு தூத்தல்" என்பார். மழை விட்டால், எங்க ஊர்ல இப்படிப் பாதியில் விடாது என்பார். கொட்டகுடி ஆற்றில் புதுத் தண்ணீர் வந்ததென்று ஊரே பாலத்தில் போய் நின்ற அன்று அவரும் வந்து எட்டிப் பார்த்தார். "இதுல காலு நனையுமா?" என்று கேட்டுவிட்டுத் தாமிரபரணியை ஆரம்பித்தார். முடிவெட்டும் கடையில் உட்கார்ந்துகொண்டு, "எங்க ஊர்ல முடி வெட்டுனா வெட்டுறதே தெரியாது" என்று சொல்லிவிட்டார். வெட்டிக்கொண்டிருந்தவர் கத்திரியைக் கீழே வைத்தார். "அப்ப மிச்சத்த அங்கனயே போயி வெட்டிக்கங்க அண்ணாச்சி" என்றார். பாதித் தலையோடு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார் மனிதர், தன் வார்த்தையை வாபஸ் வாங்கவில்லை. நான்தான் கெஞ்சிக் கூத்தாடி மீதியை வெட்ட வைத்தேன்.

வெளியூர்க்காரர்கள் போடியில் பஸ்சை விட்டு இறங்கியதும் மூக்கை உறிஞ்சுவார்கள். ஊருக்கே ஏலக்காய் வாசம். அண்ணாச்சி மட்டும், "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று வருஷக்கணக்காகச் சாதித்துக்கொண்டிருந்தார். மூக்கில் சளியா என்று கேட்டால் கோபம் வரும்.

ஒருநாள் ஜீப்பில் அவரை மலைக்குக் கூட்டிப்போனேன். போடிமெட்டு வளைவில் இறங்கி நின்றால் கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். என் மலையை நானே பெற்று வளர்த்த மாதிரி பெருமையாக அவர் முகத்தைப் பார்த்தேன். குளிரில் அவருக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும், "குத்தாலத்துல இதவிட நல்லாருக்கும்" என்றார். திரும்பும்போது ஜீப்பு டிரைவர் என் காதில், "அண்ணே, இவர அடுத்த வளைவுல எறக்கி விட்டுறவா?" என்று கேட்டார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால் மனிதர் தங்கம். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் லீவு போட்டுப் பக்கத்தில் இருந்து கஞ்சி வைத்துக் கொடுத்தார். கஞ்சியைக் கொடுத்துவிட்டு, "எங்க ஊரு அரிசியா இருந்தா ஒரே நாள்ல எந்திச்சிருப்பீரு" என்று சொன்னதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வருஷா வருஷம் ஊருக்கு மாற்றல் கேட்டு மனுப் போடுவார். எழுதி எனக்குப் படித்தும் காட்டுவார். காரணம் என்று வருகிற இடத்தில், 'இவ்வூர் உணவு ஒத்துக்கொள்ளவில்லை' என்று எழுதியிருக்கும். படிக்கும்போது அந்த வரியில் மட்டும் குரல் கம்மும்.

அவருடைய ஊர்ப் பெருமைகளில் தலையாயது சொதி. "சொதின்னா என்னான்னு தெரியுமா வே ஒமக்கு?" என்று முதன்முதலில் கேட்டபோது, தெரியாது என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். தேங்காயை அரைத்து முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் எடுக்க வேண்டும். பின்னால் எடுத்த பாலில் காய்கறியை வேகவிட்டு, வெந்த பாசிப்பருப்பைச் சேர்த்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதி வருமுன் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. "கலியாணத்துக்கு மறுநாளு, மறுவீட்டு விருந்துல மருமகனுக்குப் போடுத சாப்பாடு அது. எங்க ஊர்ல ஒருத்தன் மாப்பிள்ளை ஆகுததே சொதிக்காகத்தான்." அப்படியென்றால் நீங்கள் ஏன் இன்னும் ஆகவில்லை என்று கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் ஒரு மெஸ் வந்தது. நாலு பெஞ்சு, ஒரு தகரக் கூரை. நடத்தியது ராசிங்காபுரத்து அக்கா ஒருத்தி. நாற்பது வயது இருக்கும். புருஷன் தவறிய பிறகு பத்து வருஷம் மலையில் ஒரு ஏலத்தோட்டத்து வீட்டில் சமையல் பண்ணியவள். மொச்சைக் குழம்பும் கருவாடும் அவள் கையில் பிரமாதமாக வரும். ஜீப்பு டிரைவர்களும் லோடு ஏற்றுகிறவர்களும் அவள் மெஸ்சில்தான் கிடந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணாச்சியை இழுத்துக்கொண்டு போனேன். சந்து முனையில் திரும்பியதுமே அவர் நடை நின்றுவிட்டது. ஏலக்காய் வாசமே தெரியாத அந்த மூக்கு இரண்டு தரம் விடைத்தது.

"வே," என்றார் குரலைத் தாழ்த்தி. "சொதி."

"கனவு காணாதீங்க அண்ணாச்சி. கருவாடு."

அவர் என்னைத் தள்ளிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அக்காவுக்கு அன்று என்ன தோன்றியதோ, ஆசைக்கு ஒரு சின்னப் பாத்திரத்தில் சொதி வைத்திருந்தாள். இளம் மஞ்சளாக, உருளைக்கிழங்கும் பீன்ஸும் முருங்கைக்காயும் மிதக்க. அண்ணாச்சி முதல் கவளத்தை வாயில் வைத்ததும் கண்ணை மூடினார். திறக்கவே இல்லை. இலையில் சோறு தீர்வதும், அக்கா போடுவதும், இவர் பிசைவதுமாக ஐந்து தரம் நடந்தது. பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு அக்கா ஆசையோடு கேட்டாள்.

"எப்படி இருக்கு அண்ணாச்சி?"

அண்ணாச்சி விரல்களை ஒவ்வொன்றாக நக்கி முடித்தார். பிறகு, "உப்பு ஒரு கல்லு கூட" என்றார்.

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஐந்து தரம் வாங்கித் தின்றவர் சொல்கிற பேச்சா அது. அண்ணாச்சி அசரவில்லை. விசாரணையை ஆரம்பித்தார். "அக்காவுக்கு எந்த ஊரு? பாளையங்கோட்டையா, டவுனா?"

"ராசிங்காபுரம்."

"அது இப்ப இருக்குத ஊரு. பூர்வீகம்?"

"பூர்வீகமும் ராசிங்காபுரந்தான். எங்கப்பன் பாட்டன் எல்லாம் அங்கன காடு வெதச்சவுக. மதுரைக்கு அங்கிட்டு நான் போனதில்ல."

அண்ணாச்சியால் அதை ஏற்க முடியவில்லை. அம்மா வழியில், அப்பா வழியில், யாராவது ஒருவர் தாமிரபரணியில் குளித்திருக்க வேண்டுமே என்று தோண்டித் துருவினார். கடைசியில் விஷயம் வெளியே வந்தது. மலைத்தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் சம்சாரம் திருநெல்வேலிக்காரம்மா. அந்த அம்மா பண்ணுவதை அக்கா பார்த்துப் பார்த்துப் படித்துக்கொண்டது. "நானா ஒண்ணு சேத்தேன், கடைசியில ஒரே ஒரு ஏலக்காயைத் தட்டிப் போடுவேன்" என்றாள் அக்கா.

"ஏலக்காயா? சொதியிலயா? எங்க ஊர்ல அடுப்படியைவிட்டே வெரட்டிருவாவ" என்று எழுந்தார் அண்ணாச்சி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கே போய் உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் சொதி. அவர் ஒருவருக்காகவே அடுப்பேறியது. மற்றவர்கள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. "என்னாக்கா, பிள்ளை பெத்தவளுக்குப் போடுற பத்தியச் சாப்பாடா? எனக்குக் கருவாட்ட கொண்டா" என்பார் எங்களை மலைக்குக் கூட்டிப்போன ஜீப்பு டிரைவர். மறுவீட்டுக் கதையைக் கேட்ட நாளிலிருந்து அவருக்குக் கொண்டாட்டம். "யக்கா, மாப்ளே வந்துட்டாரு, சொதியை ஊத்து" என்று குரல் கொடுப்பார். அக்கா கரண்டியும் கையுமாக, "எனக்கு இருக்குற ரெண்டும் பயலுக. இவருக்கு எதைக் கட்டிக் குடுக்க?" என்பாள். அண்ணாச்சி இதெல்லாம் காதில் விழாதவர்போலச் சாப்பிடுவார். முடித்ததும் ஒரு குறை சொல்வார். ஒரு வாரம் பருப்பு குழைந்துவிட்டது. ஒரு வாரம் எலுமிச்சை முந்திவிட்டது. ஒரு வாரம் பீன்ஸ் நீளம் அதிகம். அக்கா ஒவ்வொன்றையும் மனதில் வைத்துக்கொண்டு அடுத்த வாரம் திருத்துவாள். அவர் வேறொன்றைக் கண்டுபிடிப்பார். குறையே அகப்படாத ஒரு வாரம், "இலை கொஞ்சம் கிழிஞ்சிருக்கு" என்றார்.

இப்படி ஆறேழு மாதம் ஓடியது. ஒருநாள் நான் மட்டும் மெஸ்சுக்குப் போயிருந்தேன். அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "தம்பி, நெசத்தச் சொல்லு. நான் வைக்கிறது நல்லாத்தான இருக்கு?"

"அதுல என்ன சந்தேகம்?"

"நீ சொன்னா ஆகாது. ஒனக்கு என்னா தெரியும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் நறுக்குவதை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "அந்தக் கணக்கப்பிள்ளை சம்சாரம் பத்து வருசத்துல ஒருநாளும் என்னையச் சொதிக்குக் கரண்டி பிடிக்க விட்டதில்ல. ஒருநா அது படுத்துக் கெடக்கையில நானா வச்சுக் குடுத்தேன். ஏலக்காயைத் தட்டிப் போட்டதும் அன்னைக்குத்தேன். வாயில கூட வைக்காம கீழ ஊத்திருச்சு. 'எங்க ஊருப் பக்குவம் ஒனக்கு எந்த ஜென்மத்துலயும் வராது'ன்னுச்சு. அந்த ஊரு வாயி ஒண்ணு, ஒரே ஒரு தடவ, நல்லாருக்குன்னு சொல்லக் கேக்கணும். வேற என்னாத்துக்கு நான் வாராவாரம் அம்புட்டுத் தேங்காயத் திருகிச் சாகுறேன்?"

எனக்கு அண்ணாச்சி மேல் ஆத்திரமாக வந்தது.

அடுத்த ஞாயிறு அண்ணாச்சி சாப்பிட்டுவிட்டு, "தேங்காய் கொஞ்சம் முத்தல்" என்றார். அக்கா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். "அண்ணாச்சி, இன்னியோட சரி. ஒங்க வாயால ஒருக்கா நல்லாருக்குன்னு சொல்லுங்க. சொல்லாட்டி இனி இந்த அடுப்புல சொதி ஏறாது."

பெஞ்சு முழுவதும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது. அவர் கையைக் கழுவினார், துண்டில் துடைத்தார், செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

மூன்று ஞாயிறுகள் போயின. முதல் ஞாயிறு வேறொரு ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்து வயிறு சரியில்லை என்றார். இரண்டாவது ஞாயிறு தானே தேங்காய் வாங்கி அறையில் சொதி வைத்தார். முதல் பாலையும் மூன்றாம் பாலையும் மாற்றி ஊற்றித் திரியவிட்டு, "போடித் தேங்காயே இப்படித்தான்" என்றார். மூன்றாவது ஞாயிறு பன்னைத் தண்ணீரில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு வார்த்தைதான அண்ணாச்சி. சொன்னா என்னா கொறஞ்சு போகும்?"

"பொய் சொல்லச் சொல்லுதீரா?"

"அப்ப நல்லால்லையா?"

அவர் பன்னைக் கீழே வைத்தார். பிறகு, "நல்லாருக்குன்னு சொல்லிட்டா அப்புறம் மனுவுல என்னத்த வே எழுதுவேன்? சாப்பாடு ஒத்துக்கலன்னு ஆறு வருசமா எழுதிட்டு இருக்கேன். ஊருல அம்மா தனியா இருக்கா வே. நான் போகணும்லா" என்றார்.

மனுவைப் படிக்கிற அதிகாரி அக்கா மெஸ்சுக்கு வந்து சாட்சி கேட்கப் போகிறாரா என்று நான் கேட்கவில்லை. அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் போடியை விட்டுக் கிளம்பக் கால் வராது என்று மனிதர் பயந்தார். அது எனக்கே அப்போதுதான் புரிந்தது.

அந்த வாரமே மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. திருநெல்வேலிக்கே. அவர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். குதிப்பார் என்று நினைத்தேன். ஒன்றுமில்லை.

செய்தி அக்காவுக்கு எட்டியது. "பாவம், ஊருக்குப் போற மனுசன். என் வீம்பு கெடக்கட்டும்" என்று கடைசி ஞாயிற்றுக்கிழமை பெரிய பாத்திரத்தில் சொதி வைத்தாள். நிபந்தனை எதுவும் போடவில்லை. அவர் வந்து தலையைக் குனிந்தபடி சாப்பிட்டார். எத்தனை தரம் வாங்கினார் என்று யாரும் எண்ணவில்லை. ஜீப்பு டிரைவர்கூட அன்று கேலி பண்ணவில்லை, ஒரு கரண்டி தனக்கும் ஊற்றச் சொன்னார். எல்லோரும் அண்ணாச்சியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள், ஆனால் காது இங்கேதான் இருந்தது.

அண்ணாச்சி எழுந்தார். வாயைத் திறந்தார். எச்சிலை விழுங்கினார். "இஞ்சிப் பச்சடிக்கு வெல்லம் இன்னும் துளி போட்டிருக்கலாம்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ரயிலடியில் அவரை ஏற்றிவிடும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி கிளம்பும் நேரத்தில் ஜன்னல் வழியாக, "வே, ஒம்ம கடையில ஏலக்காய் ஒரு பொட்டலம் வாங்கி அனுப்பி வைப்பீரா?" என்று கேட்டார். "ஏன், ஒங்க ஊர்ல கெடைக்காதா?" என்றேன் வெடுக்கென்று. "கெடைக்கும், கெடைக்கும். சும்மாத்தான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொட்டலத்தை மறுநாளே அனுப்பிவைத்தேன்.

ஒரு வருஷம் கழித்துக் கல்யாணப் பத்திரிகை வந்தது. கோபமெல்லாம் ஆறியிருந்தது, போனேன். தாலி கட்டி முடிந்த மறுநாள், பெண் வீட்டில் மறுவீட்டு விருந்து. மாப்பிள்ளையின் பக்கத்து இலையில் என்னை உட்கார வைத்தார்கள். மாமியார் தன் கையாலேயே சொதி கொண்டுவந்து ஊற்றினார். நல்ல சொதி. நான் நாலு தரம் வாங்கியிருப்பேன். வாசல் நிறையச் சொந்தக்காரர்கள். மாமியார் முந்தானையைப் பிடித்தபடி மருமகன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்படி இருக்கு மாப்பிள்ளை?"

அண்ணாச்சி ஒரு கவளம் தின்றார். யோசித்தார்.

"இருக்கு. ஆனா எங்க போடியில இதவிட நல்லா வைப்பாவ" என்றார். "அங்கன ஒரு அக்கா இருக்காவ. அவ்வோ கைப்பக்குவம் இந்த ஜில்லாவுலயே கெடையாது. கடைசியில ஒரே ஒரு ஏலக்காயத் தட்டிப் போடணும், கேட்டேளா?"

மாமியார் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. என் மறுபக்கம் உட்கார்ந்திருந்த அண்ணாச்சியின் மைத்துனர் என் பக்கம் சாய்ந்து, "நீங்க போடிதானே? ஒங்க ஊர்ல அப்படி என்னதான் சார் இருக்கு?" என்று நொந்துபோய்க் கேட்டார். "நிச்சயம் பண்ணுன நாள்லேருந்து எங்க போடியில மழை, எங்க போடியில காத்து, எங்க போடியில மலைன்னு எங்க பிராணன வாங்குதாரு."

நான் ஊர் திரும்பியதும் நேராக மெஸ்சுக்குத்தான் போனேன். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. அக்கா மத்தியானச் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அவரு சொன்னத அப்படியே சொல்லு" என்றாள்.

அண்ணாச்சியின் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். "இன்னொருக்கா சொல்லு" என்றாள். சொன்னேன். அக்கா வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் உரித்த கைதான், மேலும் எரிந்திருக்கும். சிரிப்பும் அழுகையுமாக வெங்காயத்தை மறுபடி கையில் எடுத்தாள்.

பிறகு திடீரென்று முகம் மாறியது. "அந்த மாமியா அங்கனயேவா நின்னுச்சு?"

"ஆமா. மாப்பிள்ளை மூஞ்சியையே பாத்துக்கிட்டு."

"ஐயோ பாவமே," என்றாள் அக்கா. "இனி அந்த ஆத்தா யாரு வாயால கேக்கும், நல்லாருக்குன்னு?"